துடுக்கான மாட்டு நாய்: முதல் ஓராண்டே முக்கியம்

ஆஸ்திரேலியாவில் மாடு மேய்ப்பது நம் ஊரில் மேய்ப்பது போன்றதல்ல. நம் ஊரில் நான்கைந்து மாடுகளை ஒரு சிறுவன் கம்புடன் ஓட்டிச் சென்று, பொழுது சாயத் தொழுவத்தில் கொண்டு வந்து கட்டிவிடுவான். ஒவ்வொரு மாட்டுக்கும் பெயர் இருக்கும். அங்கே ஒரு பண்ணை பல ஆயிரம் ஏக்கர் பரப்புள்ளது. இரவும் பகலும் வெட்டவெளியிலேயே திரியும் மாடுகள் ஆண்டில் சில முறை மட்டுமே மனிதனை அருகில் காணும். கன்றுகளுக்கு அடையாளம் இடவும், ஊசி போடவும், சந்தைக்கு அனுப்பவும் அவற்றைத் தேடிப் பிடித்துப் பட்டிக்குக் கொண்டு வர வேண்டும். முரட்டுக் காளையும், கன்று ஈன்ற பசுவும், புதருக்குள் ஒளியும் கிடேரியும் அந்த மந்தையில் இருக்கும்.

இந்த வேலையில் குதிரைக்காரனுக்கு வலக்கையாக இருப்பது ‘ஆஸ்திரேலிய மாட்டு நாய்’. ‘ஹீலர்’ என்றும் அழைப்பார்கள். குதிங்காலைக் கவ்வுவது என்பது அந்தப் பெயரின் பொருள். நீல நிறத்தில் இருந்தால் ‘ப்ளூ ஹீலர்’, சிவப்பாக இருந்தால் ‘ரெட் ஹீலர்’. ஆண் நாயின் தோள் உயரம் 46 முதல் 51 சென்டிமீட்டர். பெண் நாய் 43 முதல் 48 சென்டிமீட்டர். இவ்வளவு சிறிய நாய் 500 கிலோ எடையுள்ள மாட்டைத் தயங்காமல் ஓட்டிச் செல்லும்.

ஆனால் இந்த நாய் பிறந்த அன்றே வேலைக்காரனாகப் பிறப்பதில்லை. துடுக்கும் பிடிவாதமும் நிறைந்த குட்டியாகவே பண்ணைக்கு வருகிறது. அந்தத் துடுக்கை அறியாமல் கையாண்டால் நாயும் கெடும், மாடும் கெடும். ஆஸ்திரேலியாவில் மந்தை வேலைக்கென எடுக்கப்படும் எல்லா இன நாய்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தேறாமல் கழிக்கப்படுகிறது என்று 2014இல் வெளியான சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வு கூறுகிறது. கழிக்கப்பட்ட நாய்க்கு வேறு வீடு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அதன் கதி பரிதாபம்தான். ஆகவே குட்டியின் முதல் ஓராண்டில் வளர்ப்பவர் என்ன செய்கிறார் என்பது முக்கியமாகிறது.

காட்டு நாயின் இரத்தம்

இந்த இனத்தின் குணத்தை அறிய அதன் பூர்வீகத்தை அறிய வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் தங்கள் ஊர் மேய்ச்சல் நாய்களையும் உடன் கொண்டு சென்றனர். அந்த நாய்களுக்கு ஆஸ்திரேலிய வெயிலும் நெடுந்தூர ஓட்டமும் ஒத்துவரவில்லை. குரைத்துக் குரைத்தே மாடுகளை மிரள வைத்தன என்றும் சொல்வார்கள்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஹண்டர் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில், டார்ட்புரூக் என்ற இடத்தில் பண்ணை வைத்திருந்தவர் தாமஸ் ஹால். இவர் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து பகுதி மேய்ச்சல் நாய்களை வரவழைத்து, டிங்கோ என்னும் ஆஸ்திரேலியக் காட்டு நாயுடன் கலந்து, 1840 வாக்கில் ஒரு புதிய வகையை உருவாக்கினார். டிங்கோ அதிகம் குரைக்காது. சத்தமின்றிப் பின்னால் பதுங்கி வரும். வெயிலையும் தாகத்தையும் தாங்கும். அந்தக் குணங்கள் புதிய நாய்க்கும் வந்தன.

1870இல் ஹால் மறைந்தார். அதுவரை அவரது குடும்பப் பண்ணைகளுக்குள்ளேயே இருந்த ‘ஹால் ஹீலர்’ நாய்கள் அதன் பின்னரே வெளியாருக்குப் பரவலாகக் கிடைத்தன. ராபர்ட் கலெஸ்கி என்பவர் இந்த இனத்துக்கு வகுத்த இலக்கணம் 1903இல் வெளிவந்தது. பிற்காலத்தில் டால்மேஷியன், கெல்ப்பி ஆகிய நாய்களின் இரத்தமும் இதில் கலந்தது என்று அவர் எழுதினார். இது பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குட்டிகள் பெரும்பாலும் வெள்ளையாகவே பிறந்து, சில வாரங்கள் சென்ற பின்னரே நீலமோ சிவப்போ ஏறும் என்பது இந்த இனத்தின் விந்தை.

காலைக் கவ்வும் முறை

மாட்டின் முகத்துக்கு எதிரே நின்று குரைப்பது இந்த நாயின் வேலையல்ல. பின்புறமாக வந்து, தரையோடு தரையாகத் தாழ்ந்து, பின்னங்காலில் குளம்புக்குச் சற்று மேலே ஒரு கவ்வு கவ்வும். மாட்டின் எடை எந்தக் காலில் ஊன்றியிருக்கிறதோ அந்தக் காலையே கவ்வும். ஊன்றிய காலை உடனே தூக்கி உதைக்க முடியாது அல்லவா? அப்படியும் உதை வந்தால் நாய் வயிறு தரையில் பட அழுந்திக்கொள்ளும். உதை தலைக்கு மேலே போய்விடும். இதில் பெரும்பகுதியை யாரும் கற்றுக் கொடுப்பதில்லை. பிறவியிலேயே வருவது.

கவ்வுவது பிறவிக் குணம். எப்போது கவ்வ வேண்டும், எப்போது விட வேண்டும் என்பது படிப்பினால் வருவது. மாடு நகரத் தொடங்கியதும் கடி நிற்க வேண்டும். நகர்ந்த மாட்டையும் கடித்துக்கொண்டே இருந்தால், ‘நடந்தாலும் கடி, நின்றாலும் கடி’ என்று மாட்டுக்குத் தோன்றிவிடும். அப்புறம் அது நாயைக் கண்டதும் திரும்பி நின்று முட்டும், அல்லது வேலியை முறித்துக்கொண்டு ஓடும். மிரண்டு களைத்த மாட்டைக் கசாப்புக்கு அனுப்பினால் இறைச்சி கறுத்து விலை குறையும். காயம்பட்ட தசையை வெட்டி எறிய வேண்டி வரும். கட்டுக்கு அடங்காத நாயால் பண்ணைக்கு நேரும் நஷ்டம் இது.

வீட்டில் செய்யும் சேட்டை

எட்டு வாரக் குட்டி வீட்டுக்கு வந்த சில நாட்களில் எல்லோரும் சொல்லும் புகார் ஒன்றுதான்: “காலைக் கடிக்கிறது.” முற்றத்தில் குழந்தை ஓடினால் பின்னாலேயே ஓடிக் குதிங்காலைக் கவ்வும். துடைப்பத்தைக் கவ்வும். மோட்டார் சைக்கிள் சக்கரத்தைத் துரத்தும். கோழிகளை ஒரு மூலையில் ஒதுக்கி நிறுத்தும். இதைப் பொல்லாத நாய் என்று எண்ணி அடிப்பவர்கள் உண்டு. உண்மையில் நகர்வதை மறித்து ஓட்டுவது அதன் இரத்தத்தில் உள்ள வேலை. மாடு கிடைக்காததால் குழந்தையை ஓட்டிப் பார்க்கிறது.

இதற்கு அடி உதவாது. அடிபட்ட குட்டி கையைக் கண்டு அஞ்சும்; பின்னர் அழைத்தால் வராது. கடித்தவுடன் ஓடவோ கூச்சலிடவோ கூடாது. ஓட்டமும் கூச்சலும் குட்டிக்கு விளையாட்டை வளர்ப்பவை. அசையாமல் நின்று, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். விளையாட்டு அத்துடன் முடிந்தது என்று குட்டிக்குத் தெரியும். பிறகு கடிப்பதற்கென்று ஒரு தோல் துண்டையோ கயிற்று முடிச்சையோ வாயில் கொடுக்க வேண்டும். வீட்டில் உள்ள அனைவரும் ஒரே விதமாக நடந்துகொண்டால் சில வாரங்களில் பலன் தெரியும். ஒருவர் கண்டித்து, மற்றவர் சிரித்து விளையாடினால் ஓராண்டானாலும் மாறாது. எப்படியிருந்தாலும் சிறு குழந்தையையும் இந்தக் குட்டியையும் பெரியவர் பார்வையின்றித் தனியே விடுதல் கூடாது.

‘நன்றாக ஓடவிட்டுக் களைக்க வைத்தால் அடங்கிவிடும்’ என்று சிலர் கருதுகின்றனர். இது பாதிதான் சரி. தினமும் ஓட ஓட நாயின் தெம்பு கூடும். மறுநாள் இன்னும் அதிக ஓட்டம் கேட்கும். ஓட்டத்தோடு மூளைக்கும் வேலை தர வேண்டும். ஒளித்து வைத்த தீனியைத் தேடச் சொல்வது, சொன்ன இடத்தில் காத்திருக்கச் செய்வது, பொருளை எடுத்து வரச் சொல்வது ஆகியவை கால் மணி நேரத்தில் குட்டியைத் திருப்தியாகக் களைக்க வைக்கும். குட்டி நாளில் பெரும்பகுதி உறங்கவும் வேண்டும். உறக்கம் கெட்ட குட்டி அதிகம் கடிக்கும்.

காது கேட்கிறதா?

‘கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதே இல்லை, அவ்வளவு திமிர்’ என்று சில குட்டிகளைச் சொல்வார்கள். அந்தக் குட்டிக்குக் காது கேட்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இந்த இனத்தில் பிறவிச் செவிடு சற்று அதிகம். 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில், சோதிக்கப்பட்ட 899 நாய்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டுக்குக் குறை இருந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு காது மட்டுமே கேட்கவில்லை. ஏறத்தாழ 3 விழுக்காட்டுக்கு இரு காதும் கேட்கவில்லை.

குட்டி உறங்கும்போது, அதன் கண்ணுக்குப் படாமலும் தரை அதிராமலும் பின்னாலிருந்து கை தட்டிப் பார்க்கலாம். ஒரு காது மட்டும் கேளாத நாய் சத்தத்தைக் கேட்கும். ஆனால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறியாமல் சுற்றுமுற்றும் பார்க்கும். உறுதியாகத் தெரிய மருத்துவரிடம் கருவி மூலம் சோதிப்பதே வழி. இரு காதும் கேளாத நாயைக் கைச்சைகையால் வீட்டில் வளர்க்கலாம். மந்தை வேலைக்கு விடுவது ஆபத்து.

‘நில்’ என்பதே முதல் பாடம்

அனுபவமுள்ள பழக்குநர்கள் ‘போ’ என்ற சொல்லுக்கு முன்பாக ‘நில்’ என்ற சொல்லைக் கற்பிக்கின்றனர். ஓடுவதற்கு இந்த நாய்க்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓடும்போதே நிற்கக் கற்றால்தான் அதை மாட்டிடம் நம்பி விடலாம்.

பாடம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தொடங்குகிறது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘நில்’ என்று ஒரு முறை சொல்ல வேண்டும். குட்டி நின்றால் தட்டு கீழே வரும். பாய்ந்தால் தட்டு மேலே போகும். இரண்டு மூன்று நாட்களில் புரிந்துகொள்ளும். அடுத்து வாசல் கதவு, வண்டிக் கதவு, பட்டிக் கதவு எல்லாவற்றிலும் இதே பாடம். சொல் ஒன்றாகவே இருக்க வேண்டும். இன்று ‘நில்’, நாளை ‘இரு’, மறுநாள் ‘டேய்’ என்று மாற்றினால் நாய் குழம்பும்.

பிறகு 10 மீட்டர் நீளமுள்ள கயிற்றைக் கழுத்துப்பட்டையில் கட்டித் தரையில் இழுபட விட்டு, ‘வா’, ‘பின்னே வா’, ‘போதும்’ ஆகியவற்றைக் கற்பிக்கலாம். ‘போதும்’ என்றால் வேலை முடிந்தது, மாட்டை விட்டுவிட்டு எஜமானிடம் வர வேண்டும் என்று பொருள். வந்ததும் தட்டிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு தாமதமாக வந்தாலும் வந்த நாயை அடித்தல் கூடாது. வந்ததற்காக அடித்தார் என்றே அது நினைக்கும்.

முதன்முதலாகப் பட்டியில்

நான்கு மாதம் முதல் மாடுகளைக் கயிற்றில் பிடித்தபடி தூரத்திலிருந்து காட்டலாம். அருகே விடுதல் கூடாது. ஏழு மாதம் வரை பால் பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் பருவம். வாயில் ஓர் உதை விழுந்தால் தாடை உடையும். அதைவிடப் பெரிய கேடு மனம் உடைவது. முதல் நாளே பலமாக உதை வாங்கிய குட்டி சில சமயம் மாட்டின் பக்கமே போகாது. அல்லது வெறிகொண்டு கடிக்கும். மேலும் எலும்பு வளர்ச்சி முடிய ஏறத்தாழ ஓராண்டு ஆகும். எட்டு, பத்து மாதத்தில் சிறிது சிறிதாகத் தொடங்கி, ஓராண்டு கடந்த பின்னரே முழு வேலை தருவது நல்லது.

தொடக்கத்துக்குச் சிறிய பட்டியும், பால் மறந்த சாதுவான கன்றுகள் ஐந்தாறும் போதும். முற்றிய கொம்புள்ளவையோ, கன்றோடு கூடிய பசுவோ வேண்டாம். கன்று ஈன்ற பசுவின் கண்ணுக்கு எந்த நாயும் ஓநாய்தான். நாய்க்குத் தேவையானால் வாய்க்கூடு போடலாம். 10 நிமிடம் வேலை, பிறகு ஓய்வு. நாய் நன்றாகச் செய்துகொண்டிருக்கும்போதே ‘போதும்’ என்று அழைத்துவிட வேண்டும்.

பழக்குபவர் நிற்கும் இடமும் முக்கியம். மாட்டைச் சுற்றி ஓர் எல்லை உண்டு. அதற்குள் யாராவது நுழைந்தால் விலகி நடக்கும். தோளுக்குப் பின்னாலிருந்து நெருங்கினால் முன்னே போகும். தோளுக்கு முன்னாலிருந்து நெருங்கினால் பின்வாங்கும். இந்த எல்லையை மனிதன் அறிந்து நின்றால் நாயும் விரைவில் அறிந்துகொள்ளும். மனிதன் தவறான இடத்தில் நின்று கத்தினால் நாயின் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை.

நாயைப் பழக்குவது போலவே மாட்டையும் நாய்க்குப் பழக்க வேண்டும். ஆஸ்திரேலியப் பண்ணைகளில் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்துப் பட்டியில் அடைக்கும் ஒரு வார காலத்தில், நிதானமான மூத்த நாயைக் கொண்டு அவற்றை மெல்ல நடத்திப் பழக்குகிறார்கள். நாய் வந்தால் கூட்டமாகச் சேர்ந்து நடந்தால் போதும், தொல்லை இல்லை என்று கன்று கற்றுக்கொள்கிறது. அந்தக் கன்று பெரிய மாடான பிறகும் அதை மறப்பதில்லை.

வெயில், புழு, நஞ்சு

வேலை வெறியுள்ள இளம் நாய் தானாக நிற்காது. சுருண்டு விழும் வரை ஓடும். நாய்க்கு உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. தள்ளாட்டம், கோழை வடிதல், ஈறு கருஞ்சிவப்பாதல் ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடம்பில் தண்ணீர் ஊற்றி, காற்று வீசச் செய்து, மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். வண்டியின் இரும்புத் தட்டு வெயிலில் நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். விக்டோரியா மாநிலத்தில் 28 டிகிரி செல்சியசும் அதற்கு மேலும் வெப்பம் உள்ள நாளில், சூடு தாக்காத இடம் அமைக்காமல் நாயை இரும்புத் தட்டில் ஏற்றிச் செல்லச் சட்டம் தடை செய்கிறது.

அறுத்த ஆடு மாடுகளின் ஈரல், நுரையீரல் போன்றவற்றைப் பச்சையாக நாய்க்குப் போடுவது பெருந்தவறு. அவற்றிலுள்ள நீர்க்கட்டி வழியாக நாயின் குடலில் ஒரு வகைச் சிறு நாடாப்புழு வளரும். அதன் முட்டை மனிதன் வயிற்றில் சென்றால் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டிகள் உண்டாகும். டாஸ்மேனியா தீவில் 1960களில் இதை ஒழிக்க ஓர் இயக்கம் தொடங்கப்பட்டது. பச்சை ஈரல் போடுவதைத் தடுத்து, நாய்களைத் தொடர்ந்து சோதித்து வந்ததால் 1996இல் அந்தத் தீவு நோய் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. பண்ணை நாய்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒரு முறை ‘பிராசிகுவான்டல்’ மருந்து கொடுப்பது அங்கு பரிந்துரைக்கப்படும் முறை.

காட்டு நாய்களையும் நரிகளையும் ஒழிக்க ‘1080’ என்ற நஞ்சு கலந்த இறைச்சித் துண்டுகளை ஆஸ்திரேலியப் பண்ணைகளில் போடுவது உண்டு. அதைத் தின்ற நாய்க்கு முறிவு மருந்து கிடையாது. நஞ்சிட்ட நிலத்தில் வேலை செய்யும் நாய்க்கு வாய்க்கூடு போடுவது அதனால்தான்.

வரவும் செலவும்

வேலை நாய் வளர்ப்பது லாபமா? சிட்னிப் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வு இதற்கு விடை தருகிறது. மந்தை நாய் ஒன்றுக்கு அதன் வாழ்நாளில் ஆகும் செலவு ஏறத்தாழ 7,800 ஆஸ்திரேலிய டாலர். அது செய்யும் வேலையின் மதிப்பு 40,000 டாலர். போட்ட பணம் ஐந்து மடங்குக்கு மேல் திரும்புகிறது. ஆனால் இது தேறிய நாயின் கணக்கு. ஓராண்டு தீனி போட்டுப் பொறுமையின்றிக் கழித்துவிட்ட நாய்க்கு வெறும் செலவுதான்.

நம் விவசாயிகள் கவனத்துக்கு

நம் நாட்டில் கிடை போடும் கீதாரிகளிடமும் பட்டிக்காரர்களிடமும் உள்ள நாய்கள் காவல் நாய்கள். மந்தையைக் காப்பது அவற்றின் வேலை, ஓட்டுவது அல்ல. ஹீலர் ஓட்டும் நாய். ‘ப்ளூயி’ என்ற ஆஸ்திரேலியச் சிறுவர் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு அழகுக்காக இதை வாங்க நினைப்போர், அதன் குணத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். இரண்டு கறவை மாட்டைக் கட்டிப் போட்டு வளர்க்கும் வீட்டில் இந்த நாய்க்கு வேலை இல்லை. வேலை இல்லாத ஹீலர் தோட்டத்தைத் தோண்டும். நாள் முழுவதும் குரைக்கும். போவோர் வருவோர் காலைக் கவ்வும்.

எனினும் இதன் பழக்கும் முறை எந்த நாய்க்கும் பொருந்தும். நம் நாட்டு நாயானாலும் எட்டு வாரத்தில் ‘நில்’ கற்பிக்கலாம்; அடிக்காமல் வளர்க்கலாம்; பச்சை ஈரலைத் தவிர்க்கலாம். ஒரு வேறுபாட்டை மட்டும் மறத்தல் கூடாது. ஆஸ்திரேலியாவில் நாய் வெறிநோய் கிடையாது. நம் நாட்டில் உண்டு. மூன்று மாத வயதில் தடுப்பூசியும், கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறு ஊசியும் கட்டாயம் போட வேண்டும்.

விக்டோரியா மாநிலத்தின் ரோச்செஸ்டர் என்ற ஊரில், 1910இல் ‘ப்ளூயி’ என்ற பெயருள்ள ஒரு மாட்டு நாய்க் குட்டி ஒரு குடும்பத்துக்கு வந்தது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் மாடும் ஆடும் ஓட்டியது. பின்னர் ஓய்வு பெற்று, 1939 நவம்பர் 14 அன்று 29 ஆண்டு 5 மாத வயதில் இறந்தது. எல்லா நாயும் அவ்வளவு காலம் வாழ்வதில்லை. இந்த இனம் பொதுவாக 12 முதல் 15 ஆண்டுகள் வாழும். அதிலே ஓராண்டைப் பொறுமையாகச் செலவிட்டால், மீதி ஆண்டுகள் முழுவதும் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்து மந்தையை ஓட்டும் ஒரு துணை கிடைக்கும்.